கண்ட்ரி பிரிஜெட் பேயான கதை

லூனாஸ் பக்கம் கல்யாண விருந்து வைப்பவர்கள் மண்டபம் கிடைத்ததும் அடுத்துக் கேட்பது, "பிரிஜெட்டுக்கு அன்னைக்கு வேற வேலை இல்லையே?" என்பதுதான். பகலில் கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை விழுந்த கையுறைகளைப் பொறுக்கித் தள்ளுகிறவள், சனிக்கிழமை மாலையானால் அகலத் தொப்பியும் குஞ்சம் வைத்த பூட்ஸும் மாட்டிக்கொண்டு மேடையேறி ஆங்கிலக் கண்ட்ரி பாட்டுகளை வெளுத்துக்கட்டுவாள். அந்தப் பாட்டுகளில் குதிரை வரும், ரயில் வரும், ஓடிப்போன காதலன் வருவான். பிரிஜெட் குதிரையைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. அவள் காதலன் கிளாரன்ஸ் எங்கேயும் ஓடவில்லை. அவளையே கட்டிக்கொண்டு, பின்னால் உட்கார்ந்து கிதார் வாசிக்கிறான்.

அவளுடைய தனிச்சொத்து யோடல். மலைமேல் நின்று மாட்டைக் கூப்பிடுவதுபோல, குரலைச் சட்டென்று உச்சிக்கு ஏற்றி, அங்கேயே உடைத்து, உருட்டிக் கீழே இறக்கும் வித்தை அது. சுங்கைப் பட்டாணியில் ஒரு விருந்தில் அவள் அப்படி உருட்டியபோது, தொலைக்காட்சி நாடகம் எடுக்கும் அழகேசனின் கையிலிருந்த கோழிக்கால் தட்டில் விழுந்தது. பாட்டு முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஓடிவந்தான்.

"அக்கா, இது அழுவறதுக்குன்னே பொறந்த தொண்டைக்கா! என் டிராமாவுல அம்மாவா வந்து நடிங்க."

"தம்பி, நான் இப்ப பாடினது சந்தோஷப் பாட்டுலா," என்றாள் பிரிஜெட். முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் வீடு திரும்பும்வரை காடியில் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து அழுது பழகிக்கொண்டே வந்தாள். கிளாரன்ஸ் பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டி, "வயித்த வலிக்குதா?" என்று கேட்டான்.

சிடாம் கிரியில் மருதம்மாள் என்பவரின் வீட்டைக் கேட்டு வாங்கிப் படப்பிடிப்பு தொடங்கியது. செத்துப்போன மகனைக் கட்டிக்கொண்டு தாய் கதறவேண்டும். மகனாக நடித்த சசிதரன் மாலையும் கழுத்துமாகக் கட்டிலில் கிடந்தான். அழகேசன் கை காட்டியதும் பிரிஜெட் பாய்ந்து விழுந்து, "ஐயோ, என் மகனே!" என்று கதறினாள். அதுவரை ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கடைசி 'ஏ' அவள் சொல்பேச்சைக் கேட்கவில்லை. பல வருஷப் பழக்கம். உச்சிக்கு ஏறி, உடைந்து, உருண்டு இறங்கியது. பக்கத்து வீட்டு நாய்கள் பதில் சொல்லின. பிணத்தின் வயிறு குலுங்கியது.

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் உருண்டது. இந்த முறை பிணம் எழுந்து வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடியது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மருதம்மாள், "ஏம்பா, பையன் செத்ததுல அந்தம்மாவுக்கு இவ்ளோ சந்தோஷமா?" என்று அழகேசனிடம் கேட்டார்.

பிரிஜெட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நிஜக் கண்ணீரை யாரும் படம் எடுக்கவில்லை. அழகேசன் தலையைச் சொறிந்து, கதையை அங்கேயே திருப்பிப் போட்டான். "அக்கா, நீங்க செத்துடுங்க. சசி, நீ அழு."

இப்போது பிரிஜெட் கட்டிலில் படுத்தாள். பிணமாக அவள் அருமையாக நடித்தாள். மூக்கில் எறும்பு நடந்தும் அசையவில்லை. சசிதரனுக்குத்தான் அழுகை வரவில்லை. குனிந்து அவள் காதில், "அக்கா, வர மாட்டேங்குதுக்கா," என்று முனகினான்.

பிணம் உதட்டை அசைக்காமல் சொன்னது: "உன் புது மோட்டார் பைக்க எவனோ தூக்கிட்டான்னு நெனச்சுக்கோலா."

சசிதரன் உடைந்துபோனான். அடக்கமுடியாமல் அழுது, "அம்மா!" என்று அவள்மேல் விழுந்தான். விழுந்த வேகத்தில் அவன் முழங்கை அவள் விலாவில் குத்தியது. அங்கேதான் பிரிஜெட்டுக்குக் கூச்சம் அதிகம். மாலை போட்டு, மூக்கில் பஞ்சு வைத்துக் கிடந்த பிணத்திலிருந்து முழு யோடல் ஒன்று கிளம்பி ஓட்டுக்கூரையில் மோதித் திரும்பியது.

சசிதரன் சன்னல் வழியாக வெளியே குதித்தான். மருதம்மாள் கையிலிருந்த குடத்துத் தண்ணீரைப் பிணத்தின் தலையில் கவிழ்த்துவிட்டு, "போயிரு, போயிரு!" என்று கத்தினார். நனைந்த பிரிஜெட் தலைவிரிகோலமாக எழுந்து உட்கார்ந்து, "அலாமா, பஞ்சு உள்ள போயிருச்சு!" என்றாள். அழகேசன் மட்டும் இருந்த இடத்தில் நின்று, "கேமராவ நிறுத்தாத!" என்று கூவினான்.

இப்படித்தான் ஒரு குடும்பக் கதை பேய்க் கதையானது. நாடகம் வெளியானதும் லூனாஸில் பிள்ளைகள் அவளைக் கண்டால் தாயின் பின்னால் ஒளிந்தார்கள். யான் என்ற ஊரில் வயல் வரப்பில் அடுத்த பகுதியை எடுத்தபோது, பேய் வேஷத்தோடே கடைக்குப் போய், "பாச்சிக், தே தாரிக் சத்து!" என்று மலாயில் ஒரு டீ கேட்டாள். கடைக்காரர் தேநீரைத் தன் காலிலேயே ஊற்றிக்கொண்டார். முதலில் பிரிஜெட்டுக்கு மனம் நொந்தது. ஜனங்களை அழவைக்க ஆசைப்பட்டவளுக்கு, அலறவைத்தது பெரிதாகத் தோன்றவில்லை. கல்யாண வீடுகளில் இளசுகள், "ஆண்ட்டி, பேய் சத்தம் ஒண்ணு!" என்று கெஞ்சத் தொடங்கியபோதுதான் முகம் மலர்ந்தது. மணப்பெண் முதல் ஆளாய்க் கிறீச்சிடுவதைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு தாங்காது.

இப்போது புது நாடகத்தில் உயிருள்ள வேஷம், போலீஸ் அதிகாரி. எப்படிப் போகிறது என்று கேட்டால் பெருமூச்சு விடுகிறாள். "உயிரோட இருக்கறது ரொம்ப கஷ்டம்லா. எம்மாம் வசனம்!"