செபினிசோவின் சூட்டு உடம்பு

எங்கள் கோகந்த் ஊரில் பெண் பார்க்க வீட்டுக்குப் போவதெல்லாம் பிற்பாடுதான். முதல் பார்வை ஊர்ப் பொதுக் குளியல் கூடத்தில் நடந்துவிடும். வியாழக்கிழமை பெண்கள் முறை. கிழவிகள் ஆவிக்குள் உட்கார்ந்து முதுகு தேய்க்கிற சாக்கில், எந்த வீட்டுப் பெண்ணுக்குத் தோல் எப்படி, இடுப்பு எப்படி என்று எடை போட்டுக்கொண்டிருப்பார்கள். தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டாம் என்று சொல்வார்களே, அதை எங்கள் ஊருக்காகவே சொன்னது போலிருக்கும். இந்த வேலையில் என் மாமியார் ரிசாலத்தை மிஞ்ச ஆளில்லை.

அப்பேர்ப்பட்டவள் தன் இளைய மகனுக்கு மட்டும் பார்க்காமலே பெண் எடுத்தாள். செபினிசோவைக் குளியல் கூடத்தில் யாரும் பார்த்ததே கிடையாது. "ரொம்பக் கூச்சம் அவளுக்கு, வீட்டுலயே குளிச்சுக்குவா" என்றாள் அவளைப் பெற்றவள். கூச்சம் நல்ல குணம்தானே என்று பேசி முடித்துவிட்டார்கள்.

கூச்சமும் இல்லை, ஒன்றும் இல்லை. செபிக்கு ஏழு வயதிலேயே அக்குளிலும் அடிவயிற்றுக்குக் கீழும் முடி வந்துவிட்டது. குளியல் கூடத்தில் யாரோ ஒருத்தி உற்றுப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கே அவள் அம்மா ஈரத்தோடு அவளைச் சால்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனவள்தான், திரும்ப அந்தப் பக்கமே அழைத்துப் போகவில்லை. பிள்ளைக்குச் சூட்டு உடம்பு என்று முடிவு கட்டி, சூடு என்று சொல்லப்படும் ஆட்டுக்கறியையும் வாதுமையையும் நிறுத்திவிட்டு, குளிர்ச்சி என்று சொல்லப்படும் அரிசியைப் பாலில் குழைத்து, சர்க்கரை போட்டுத் தினமும் ஊட்டினாள். பிள்ளை உப்பிக்கொண்டே போனது. இதெல்லாம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

எனக்கு ஓரகத்தியாக வந்தபோது செபி கொழுக் மொழுக்கென்று இருந்தாள். பாலர் பள்ளியில் ஆயா வேலை. அங்கே பிள்ளைகள் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக அலையும். அவள் சிரித்தால் பக்கத்து முற்றத்துக்காரி என்னவென்று கேட்பாள். எனக்கு அவளை முதல் நாளே பிடித்துவிட்டது.

வியாழன்தோறும் அத்தைக்கும் அவளுக்கும் ஒரே ரகளைதான்.

"என்னடி, மகாராணிக்குத் தனிக் குளமா வெட்டணும்? வா கூட!"

"நான் வந்தா தொட்டித் தண்ணி வழிஞ்சிடும் அத்தை. அப்புறம் ஊரெல்லாம் உங்களைத்தான் ஏசும்."

அத்தைக்கே சிரிப்பு வந்துவிடும். அவள் கழுத்தைச் சுற்றிப் படிந்திருந்த கருநிறத்தை மட்டும் அத்தை விடமாட்டாள். "அரிசி மூட்டைக்கு அழுக்குக் கயிறு கட்டுன மாதிரி இருக்கு" என்பாள். செபி முக்காட்டை இழுத்து மூடிக்கொள்வாள்.

மாதவிலக்கு அவளுக்கு ஒழுங்காக வந்ததே இல்லை. மோவாயில் முளைக்கிற முடியை யாரும் பார்க்காமல் பிடுங்குவாள். பல வருஷம் ஏங்கித்தான் ஷஹ்னோசா பிறந்தாள்.

ஷானோவுக்கு ஏழு வயது. ஒருநாள் அவளுக்குத் தலை பின்னும்போது பெரியவர்களுடையது போல வியர்வை நாற்றம் அடித்தது. செபியிடம் சொன்னேன். அவள் முகம் வெளிறிவிட்டது.

"சூட்டு உடம்புக்கா. கறியை நிறுத்திட்டேன். பால்சோறுதான் குடுக்குறேன்."

"நீயே பெரிய வைத்தியச்சியா? கிளம்புடி" என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

டாக்டரம்மா நிதானமானவர். எலும்பைப் படம் எடுத்து, ரத்தமும் பார்த்துவிட்டுச் சொன்னார். "சிறுநீரகத்துக்கு மேல குல்லா மாதிரி ஒரு சுரப்பி இருக்கு. சில பொண்ணுங்களுக்கு அது சீக்கிரமே முழிச்சுக்கும். இது வயசுக்கு வர்றது இல்ல, பயப்படாதீங்க. நிறையப் பேருக்கு ஒண்ணும் ஆகாது. சில பேருக்குத்தான் பின்னால மாதவிலக்குக் கோளாறு, சர்க்கரைன்னு வரும். அம்மாவுக்கு இருந்திருந்தா இன்னும் கவனமாப் பாக்கணும். உங்களுக்கு இந்த வாடை, முடியெல்லாம் எந்த வயசுல வந்துச்சு?"

பக்கத்தில் எங்கள் தெருக்காரி ஒருத்தி தன் முறைக்காக உட்கார்ந்திருந்தாள். செபி அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"எல்லாரையும் போலத்தான். பதிமூணு இருக்கும்."

"சரி. பால்சோறை விட்டுட்டு எல்லாம் கலந்து குடுங்க, ஓடியாட விடுங்க. ஒரு வருஷம் கழிச்சுக் கூட்டி வாங்க. நீங்களும் சர்க்கரை பாத்துக்கங்க."

தலையாட்டினாள். பிள்ளையையும் அழைத்துப் போகவில்லை, தானும் பார்க்கவில்லை. அவளுக்குத் தாகம் அடங்காமல் போனபோதுகூட அதையும் சூடு என்றுதான் எண்ணிக்கொண்டாள். குளிர்ச்சிக்கென்று தர்ப்பூசணியை வெட்டி வெட்டித் தின்றாள். கேட்டால், "உள்ள அடுப்பு எரியுதுக்கா" என்று சிரிப்பாள்.

ஷானோவுக்குப் பத்து வயதாகும்போது, செபியின் காலில் செருப்புக் கடித்த புண் ஆறாமல் கருத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. அவளுக்குச் சர்க்கரை நோய் வந்து ரொம்ப நாளாகியிருக்கிறது.

சாயங்காலம் பார்க்க விடுகிற நேரத்தில் தெருப் பெண்கள் ரொட்டியும் சூப்புமாக வந்து கட்டிலைச் சூழ்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு மகனை வைத்துக்கொண்டு மருமகள் தேடுகிறவர்கள். அவர்களுக்கு நடுவில் செபி என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே சொன்னாள்.

"அக்கா, அந்த டாக்டரம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன். எனக்கும் ஏழு வயசுலயே வந்துச்சு. ஷானோவைக் கூட்டிட்டுப் போய் சொல்லிடு."

"வாயை மூடுடி, ஜுரத்துல உளறாத!" என்று அத்தை பதறினாள். "எவன் கட்டுவான் அவளை?"

"கட்டாட்டிப் போறான் அத்தை. அவ உசுரோட இருக்கட்டும்."

மறுநாள் விடியுமுன்னே போய்விட்டாள். முப்பத்தெட்டு வயது. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு பிடி முடிக்காகவா ஒரு பெண் ஆயுசு முழுக்க ஒளிந்திருக்க வேண்டும்?

இறந்தவர்களைக் குளிப்பாட்டுகிறவள் வந்தாள். நானும் அத்தையும் தண்ணீர் ஊற்றினோம். நாங்கள் அவளை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். அத்தை பழைய ஞாபகத்தில் துணியை வாங்கி அவள் கழுத்தைத் தேய்த்தாள். மெல்லத்தான் தேய்த்தாள். திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

"அது அழுக்கு இல்ல அத்தை. அந்தச் சர்க்கரை நோவோட கருப்புன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. விடுங்க" என்றேன்.

அத்தையின் கை நின்றுவிட்டது. அப்படியே உட்கார்ந்து அந்தக் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

துக்கம் கேட்க வருகிறவர்கள் ஓய்ந்ததும் நான் ஷானோவை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் அத்தை முக்காடு போட்டுக்கொண்டு தயாராக நின்றாள். டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே பெண்கள் நிறைந்திருந்தார்கள். பாதிப் பேர் தெரிந்த முகங்கள். கதவு திறந்துதான் கிடந்தது. டாக்டரம்மா ஷானோவின் சடையைத் தூக்கிக் கழுத்தைப் பார்த்தார். அங்கே லேசாகக் கருப்பு விழத் தொடங்கியிருந்தது.

"இவ அம்மாவுக்கு எப்ப வந்துச்சுன்னு சொன்னீங்க?"

நான் வாய் திறப்பதற்குள், வெளியே கடைசியில் உட்கார்ந்திருந்தவளுக்கும் கேட்கும்படி அத்தை சொன்னாள்.

"ஏழு வயசுல. என் மருமகளுக்கு ஏழு வயசுல வந்துச்சு. எழுதிக்கங்க."