யாரும் தொடக்கூடாத வண்டி

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவை அறையைத் தாண்டினால் வரும் பழுதுபார்க்கும் அறை அவளுடையது. இருபத்திரண்டு வருஷமாக ஸ்ட்ரெச்சர், சாப்பாட்டு டிராலி, சக்கர நாற்காலி என்று அந்தக் கட்டடத்தில் உருளுகிற எதுவும் அவள் கைக்குத் தப்பியதில்லை. எல்லோருக்கும் அவள் டிராலியம்மா. மூணாவது மாடி வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்று போன் வரும். போய், வண்டியைக் காலியாக ஒரு தள்ளு தள்ளுவாள். அது ஓடி நிற்பதற்குள் எந்தச் சக்கரத்தில் முடி சுற்றியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

வருஷத்தில் நான்கு நாள் மட்டும் சக்கரத்தை மறந்து அக்காவோடு மலை ஏறுவாள். அக்காவுக்குத் தபால் நிலையத்தில் அதிகாரி வேலை. மலைநடைக் குழுவிலும் அதே அதிகாரம்தான். பத்துப் பெண்கள், கூடாரம், சாப்பாடு, துணி எல்லாம் அவரவர் முதுகில். குழுவுக்கு ஒரே சட்டம்: அவரவர் சுமை அவரவருக்கு. ஒருமுறை கால் சுளுக்கியவளின் பையையும் சேர்த்துத் தூக்கிய இன்னொருத்தி பள்ளத்தில் விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அக்கா இந்த விஷயத்தில் யாருக்கும் இளகுவதில்லை.

போன வருஷக் கடைசியில் டிராலியம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் நடந்தது. இனி ஆயுசுக்கும் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. நடக்கலாமா என்று கேட்டாள். எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம் என்றார் டாக்டர். இழுக்கலாமா? அவர் கொஞ்சம் யோசித்து, இடுப்பில் கட்டி இழுத்தால் பரவாயில்லை என்றார். அவளுக்கு அது போதும்.

அக்காவுக்குப் போதவில்லை. தங்கை கெஞ்சி, கோபித்து, ஒரு வாரம் பேசாமல் இருந்து பார்த்த பிறகு ஒரு பரீட்சை வைக்க அக்கா சம்மதித்தாள். முழுச் சுமையோடு மலைமேல் இருக்கும் ஏரிவரை போய், இருட்டுவதற்குள் அடிவாரத்தில் கார் நிறுத்துமிடத்துக்குத் திரும்ப வேண்டும். வழியில் ஒருமுறை வேறொரு கை உதவிக்குப் பட்டாலும் இந்த வருஷம் மலை கிடையாது. அடுத்த வருஷமும் கேட்கக்கூடாது.

சுமையை வைத்து இழுக்க அவள் செய்த முதல் வண்டி, அவள் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. எல்லாப் பக்கமும் திரும்புகிற ஆஸ்பத்திரிச் சக்கரங்களில் நல்லதாக நாலு பொறுக்கி மாட்டினாள். சமதரையில் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனது. சரிவில் ஏற்றியதும் நாலும் நாலு திசையைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள, வண்டி இறக்கத்துப் பக்கம் சாய்ந்து அவளையும் சேர்த்துப் புதருக்குள் இழுத்தது. கூட வந்த கணவன் பஸ் ஓட்டுகிறவன்.

"பழக்கதோஷம். ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போகப் பாக்குது" என்றான்.

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. திரும்புவதுதான் நல்ல சக்கரம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். ஒற்றையடிப் பாதைக்குத் திரும்பத் தெரியாத சக்கரம் வேண்டும், அதுவும் ஒன்றே ஒன்று. மூன்று வாரம் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதற்கே போனது. குழந்தைகள் சைக்கிளின் பின்சக்கரம், ஆஸ்பத்திரி ஸ்டோரில் கேட்டு வாங்கிய உடைந்த ஊன்றுகோல்களிலிருந்து இரண்டு இழுகம்பிகள், அவற்றை இடுப்போடு மாட்ட, நோயாளிகளைப் பிடித்து நடக்க வைக்கும் அகல பெல்ட். சுமையைச் சக்கரத்துக்கு நேர் மேலே வைத்தாள். அது கொஞ்சம் பின்னால் போனால் கம்பி இடுப்பைத் தூக்கியது, முன்னால் வந்தால் அழுத்தியது.

பரீட்சை நாள் காலையில் அக்காவும் கூடவே நடந்தாள். ஏற்றம் சுலபமாகவே போனது. வேலிதான் சிக்கல். பாதையை மூன்று கம்பி வேலிகள் மறித்தன. ஒவ்வொன்றின் மேலும் ஏறி இறங்க மர ஏணி. முதல் ஏணிக்கடியில் பெல்ட்டைக் கழற்றினாள். சுமை ஒரே மூட்டையாக இல்லை. நாலரைக் கிலோவில் மூன்று பைகள். ஒரு பையை எடுத்துக்கொண்டு ஏறினாள், அந்தப் பக்கம் வைத்தாள், திரும்பி வந்தாள். மூன்று பைகளுக்கு மூன்று தடவை. அச்சாணியை உருவிச் சக்கரத்தைத் தனியாக, சட்டத்தைத் தனியாக, இன்னும் இரண்டு தடவை. நான்காவது தடவை அவள் கால் படியில் தடுமாற, அக்காவின் கை தானாக நீண்டது.

"கையை நீட்டாதே, அக்கா. நீ தொட்டா நான் வீட்ல உக்காரணும்."

அக்கா இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள். கடிகாரத்தைப் பார்த்து, ஒரு வேலிக்கு இருபது நிமிஷம், போக வர ஆறு வேலி, திரும்பிடலாம்டீ என்றாள். தங்கை காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாவது வேலியில் பதினைந்து நிமிஷம். மூன்றாவதில் பதினொன்று. ஏரிக்கரையில் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். இறக்கத்தில் வண்டி பின்னாலிருந்து முட்டித் தள்ளியது. பெல்ட்டைத் திருப்பிக் கட்டி, வண்டியை முன்னால் விட்டுப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். தொடை நடுங்கியது. முதுகு மட்டும் சும்மா இருந்தது.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. அக்கா காரில் சாய்ந்து நின்றாள். பாராட்டுவாள் என்று தங்கையும் எதிர்பார்க்கவில்லை.

"நாலு நாள்ல எத்தனை வேலி வரும்னு தெரியுமில்ல? உனக்காக எல்லாரும் நிக்க முடியாது."

"நிக்க வேண்டாம். தினமும் ஒரு மணி நேரம் முன்னாடியே நான் கிளம்பறேன்."

"தனியாவா?"

"வழியிலதான் இருப்பேன். வந்து பிடிங்க பாக்கலாம்."

அக்கா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். தொடவில்லை.

"அலாரத்தைத் தலைமாட்டிலேயே வச்சுக்க. விடியறதுக்கு முன்னாடி என்னை எழுப்பினே, உதை விழும்."