அவள் வைத்த டைமர்

இரண்டு வருடங்களுக்கு முன், செங்கல்பட்டில் நான் வேலை பார்க்கும் சின்ன நெட்வொர்க் கம்பெனியில் நடந்தது இது. அங்கே நான்தான் சீனியர். எனக்குப் பின்னால் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். வாய் நிறைய "அக்கா, அக்கா" என்பாள். முதலாளி வாயைத் திறந்தால் அவள் புகழ்தான். எனக்கு வயிறு எரியும்.

மாமல்லபுரம் கடற்கரையோரம் ஒரு ரிசார்ட். அதன் வேலையைச் சுத்தமாக முடித்தால், அந்தப் பக்கத்து ரிசார்ட்டுகள் எல்லாவற்றின் பொறுப்பும் எனக்கே என்றார் முதலாளி. கையோடு, "நீ பண்ணு, அந்தப் பொண்ணு பக்கத்துல பாத்துகினு இருக்கட்டும்" என்றும் சொல்லிவிட்டார். எனக்குக் காவலுக்கு அவளா?

வேலை பெரிதில்லை. எல்லாக் கம்ப்யூட்டர் ஒயர்களும் வந்து சேரும் சுவிட்ச் பெட்டிக்குள், எங்கள் ஆபீஸில் இருந்தபடியே நுழைந்து, யாரும் பயன்படுத்தாத போர்ட்டுகளை, அதாவது ஒயர் செருகும் வாய்களை, மூட வேண்டும். மவுஸ் கிடையாது, எல்லாம் கட்டளைகள்தான். ஒவ்வொரு போர்ட்டுக்கும் அதற்குரிய மோடுக்குள் போக வேண்டும். போர்ட் மோடுக்குள் போனால், எங்கள் சுவிட்சின் திரை 'போர்ட் மோடு' என்று மட்டும்தான் காட்டும். எந்தப் போர்ட் என்பதை நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"ரீலோடு டைமர் வெச்சிட்டு ஆரம்பிக்கலாமாக்கா?" என்றாள். அதை வைத்துவிட்டால், குறித்த நேரத்தில் சுவிட்ச் தானாக அணைந்து, சேமித்து வைத்த பழைய அமைப்போடு எழுந்துகொள்ளும். வேலை நல்லபடியாக முடிந்தால் டைமரை ரத்து செய்துவிடலாம். எதைத் தொட்டாலும் அவளுக்கு இது வேண்டும். "கல்யாணத்துக்குப் போவும்போதே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டுப் போவியா?" என்று மடக்கினேன். அவள் தன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி என்னவோ தட்டிவிட்டு, மறுபடி என் பக்கம் திரும்பினாள்.

மெயின் கேபிள் வரும் போர்ட்டுக்குள் போய் அடையாளத்துக்கு அதற்கு ஒரு பெயர் எழுதினேன். அடுத்ததற்குப் போய்விட்டதாக நினைத்துக்கொண்டு மூடும் கட்டளையைத் தட்டினேன். அவள் என் விரல்களையே பார்க்கிறாள் என்ற எரிச்சல் வேறு. திரை அப்படியே நின்றுவிட்டது. நான் மூடியது மெயின் கேபிளை. ரிசார்ட்டுக்கு நெட் போகும் வழியும் அதுதான், நான் உள்ளே போகும் வழியும் அதுதான்.

உடனே ரிசார்ட் மேனேஜர் போன் செய்தார். "இன்னா மேடம், நெட்டு பூடுச்சு. ரூம் போட வந்தவங்க ரிசப்ஷன்ல நின்னுகினு கீறாங்க." நேரில் போய்ச் சரிசெய்ய வண்டியை எடுத்தாலும், திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் முதலாளிக்குச் செய்தி போய்விடும். பொறுப்பும் போச்சு, மானமும் போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவள் என் பக்கம் குனிந்தாள். "எங்கயும் போவாதக்கா. என் சிஸ்டத்துலேர்ந்து அப்பவே டைமர் வெச்சிட்டேன். நீ இன்னும் சேவ் பண்ணல இல்ல? தானா வந்துடும்."

வந்தது. அதுவரை மேனேஜரைப் போனில் சமாளித்ததும் அவள்தான். முதலாளியிடம் மூச்சு விடவில்லை. பொறுப்பு எனக்கே கிடைத்தது.

நன்றி என்று வாய் சொன்னது. உள்ளே பொறாமைதான் இன்னும் ஏறியது. அதுவரை அவள் வேலையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், அன்று முதல் அவள் மனசைப் பார்த்தும். இன்றும் எந்தச் சுவிட்சைத் தொட்டாலும் முதலில் டைமரை வைக்கிறேன். அவள் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தால் அவளுக்காக வைத்திருப்பேனா என்று ஒவ்வொரு முறையும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.