வெளியாள் காய்

போன வருஷம், மழைக்காலம் முடிந்த சமயம். எண்ணூர் பக்கம் ஒரு கடலோரக் குப்பத்தின் சமூகக் கூடத்தில், ஏழெட்டுப் பெண்களோடு தரையில் உட்கார்ந்து பகடை உருட்டிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், என் வேலையே அதுதான். நோய், வெள்ளம், விபத்து மாதிரி விஷயங்களை விளையாட்டாகவே புரியவைக்கும் ஆட்டங்களை உருவாக்கி, ஆடுகிறவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கவனிக்கிற ஆராய்ச்சிக் குழுவில் இருக்கிறேன்.

அன்றைக்கு வாயுக்கசிவு ஆட்டம். அந்தக் குப்பத்துத் தெருக்களையே ஒரு துணியில் வரைந்திருந்தோம். பகடை விழ விழ வாயு பரவும். அதற்குள் அவரவர் வீட்டுக் காய்களைக் காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே நகர்த்தி மெயின் ரோட்டில் சேர்க்க வேண்டும். கடைசிச் சந்தில் 'வெளியாள்' என்று ஒரு காய் நிற்கும். ஊருக்குப் புதுசு, வழி தெரியாது. அதைக் கூட்டிவரப் போகிறவருக்கு இரண்டு வாய்ப்பு போய்விடும்.

ஒருத்தர்கூட அதைத் தொடவில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் அது அங்கேயே நின்றது. மறுநாள் குழுவில் முடிவைச் சொல்லியாக வேண்டும், எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் அக்கா ஒருவர்தான் எல்லா ஆட்டத்திலும் ஜெயித்தவர். அவரை ஏன் ஏன் என்று நச்சரித்தேன். யாரென்றே தெரியாததுக்காக ஜெயிக்கிற ஆட்டத்தை விடச் சொல்கிறாயா என்று சிரித்தார். சரிதான், இங்கே அந்நியருக்காக யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

அடுத்த ஆட்டம் பாதியில் இருக்கும்போது நெடி வந்தது. சாக்கடை என்றுதான் முதலில் நினைத்தேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், நிஜமாகவே வாயுதான் என்று புரிந்து எழுந்து வீடுகளைப் பார்க்க ஓடினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? உட்கார்ந்து காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்! வெளியே வந்தபோது தெருவில் ஆளில்லை. துணியில் நேராக வரைந்த சந்துகள் நிஜத்தில் வலையும் படகுமாக அடைத்துக்கொண்டு கிடந்தன. காற்றுக்குக் குறுக்கே போகவேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள், நெடி வந்த பக்கமே ஓடியிருக்கிறேன். கண் எரிந்து எதுவும் தெரியவில்லை. எனக்கு ஏற்கெனவே மூச்சிழுப்பு உண்டு. மூச்சு அடைத்துக்கொள்ள, ஒரு சுவரோரம் சரிந்துவிட்டேன். செத்தோம் என்றே நினைத்தேன்.

யாரோ என் முகத்தில் ஈரத்துண்டை அழுத்தினார்கள். மீன் வாசனை. அந்த அக்காதான். பிள்ளைகளைத் தங்கையோடு ஷேர் ஆட்டோவில் அனுப்பிவிட்டு, கூடத்தில் என்னைக் காணாமல் சந்து சந்தாகத் தேடியிருக்கிறார். என் கையைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரை இழுத்துக்கொண்டே வந்தார். அவருக்கும் இருமல் நிற்கவில்லை.

தண்ணீர் குடித்து, பேச்சு வந்ததும் நான் கேட்டது ஒன்றுதான். ஆட்டத்தில் அந்த வெளியாளை விட்டுவிட்டு வந்தீர்களே?

என்னைப் பைத்தியம் போலப் பார்த்தார். "ஐய, அது காயிம்மா. நீ ஆளு."

அன்று எங்கிருந்து கசிந்தது என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. மறுநாள் குழுவில், நான் கட்டிய முடிவைச் சொல்லவில்லை. இன்றும் ஆட்டங்கள் செய்கிறேன், ஆடுகிறவர்களைக் கவனிக்கிறேன். ஆனால் யாராவது அந்தக் காயைத் தாண்டிப் போகும்போது, இவரும் எனக்காகத் திரும்பி வரக்கூடியவர்தானே, ஒரு காயை வைத்து இவரை எடைபோடுகிறேனே என்ற நினைப்பு வந்து, நிம்மதியாக உட்காரவே முடிவதில்லை.