நாலாவது அடி

"வேணாம்மா, விடு" என்று கையிலிருந்த பூசணித் துண்டைத் திரும்ப வைத்துவிட்டு நோயல் நடக்கத் தொடங்குகிறார். ஒன்று, இரண்டு, மூன்று. அவசரமே இல்லாத நடை. திரும்பிப் பார்ப்பதில்லை. நாலாவது அடி விழுவதற்குள் "இன்னா சார் நீ, வா, எடுத்துக்க" என்று பின்னாலிருந்து குரல் வர வேண்டும். வரும். வராத நாளில் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்து, அடுத்த அடியைக் கொஞ்சம் தள்ளிப்போடுவார்.

பெங்களூரு காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் இந்த நடையைத் தெரியாதவர்கள் இல்லை. எழுபத்தோரு வயது. டெலிபோன் தொழிற்சாலையில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்குக் கடை ஸ்கேன் அட்டை தொங்கினாலும் நோட்டைத்தான் நீட்டுவார். கையில் காசு தெரியாவிட்டால் பேரத்துக்கு என்ன மரியாதை?

மற்றவர்கள் விலையைக் குறைக்கக் காயைக் குறை சொல்வார்கள். நோயல் புகழ்வார். "தக்காளியா இது! கண்ணு படப்போவுது. அதான் எனக்குக் கட்டாது." புகழ்ந்த வாயைக் கோபித்துக்கொள்ள எந்தக் கடைக்காரருக்கும் மனம் வருவதில்லை.

இப்படி மிச்சமாகும் பணம் வீடு வந்து சேர்ந்ததில்லை. வழியில் இருக்கும் பேக்கரியில், தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்தாக மாறிவிடும். ஆளுக்குப் பாதி. மறுபாதிக்குச் சொந்தக்காரி, இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி அனுஷா. நாலு வயதிலிருந்து சனிக்கிழமைதோறும் தாத்தாவின் பை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, அவர் அடிகளை வாய்க்குள் எண்ணிக்கொண்டே கூட நடப்பவள். மிச்சம் பிடித்த பணம் எங்கே என்று மனைவி டோரதி கேட்பதையே நிறுத்திவிட்டார்.

வம்பு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. டீச்சர் பத்துக் கணக்கு கொடுத்திருக்கிறார். அனுஷா எழுந்து நின்று, "போர்டுல ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க மிஸ். ஆனா பத்து ஜாஸ்தி. ஆறு பண்ணிடுங்க" என்றிருக்கிறாள். முடியாது என்றதும் பையை மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நிதானமாக நடந்திருக்கிறாள். டீச்சர் பதறிப்போய்க் கூப்பிட்டார். அதுவும் நாலாவது அடிக்குள்.

மறுநாள் பள்ளிக்குப் போய் நின்றுவிட்டு வந்த மகள் ஷீபா, அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் உங்க வேலைதான் டாடி. இனிமே அவ மார்க்கெட்டுக்கு வரமாட்டா."

இரண்டு சனிக்கிழமை நோயல் தனியாகப் போனார். முதல் வாரம் முருங்கைக்காயைப் பாதி விலைக்கு வாங்கினார். சந்தோஷமே இல்லை. தில்பசந்தைத் தனியாகத் தின்னப் பிடிக்காமல் பொட்டலமாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். இரண்டாவது வாரம் பேக்கரிப் பக்கமே போகவில்லை. குழந்தை இல்லாத சனிக்கிழமை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது வாரம் மகளிடம் கெஞ்சினார். ஷீபா ஒரு நிபந்தனை போட்டாள். "சொன்ன விலையைக் குடுத்துட்டு வரணும். ஒரு வார்த்தை பேசினீங்க, அதோட முடிஞ்சுது. அப்புறம் எங்கிட்ட கேக்கவே கூடாது."

"ஒரே ஒரு கடையில மட்டும்..."

"டாடி!"

"சரிம்மா, பேசல" என்று வாக்குக் கொடுத்தார். அனுஷா அப்போது உள்ளே பல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவரைக்காய்ப் பருவம். தமயந்தியின் கடையில் குவியல் குவியலாகக் கிடந்தது. "கிலோ நூறு" என்றார் தமயந்தி. அதில் இருபது, நோயல் குறைப்பதற்கென்றே கூட்டிச் சொன்னது. நோயல் பேசாமல் நூறு ரூபாய் நோட்டை நீட்டினார்.

தமயந்தி நோட்டைத் தொடவில்லை. "இன்னா சார், உடம்பு கிடம்பு சரியில்லையா? டோரதிம்மா நல்லாக்கீறாங்களா?"

நோயல் தலையை மட்டும் ஆட்டினார். காது இரண்டும் சூடாகிவிட்டன. பக்கத்துக் கடை வெங்காயக்காரர் எழுந்து நின்று பார்த்தார். பேசிவிடலாம்தான். பேசினால் அடுத்த சனிக்கிழமை போச்சு. உதட்டை இறுக்கிக்கொண்டு நோட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

அனுஷா தாத்தாவை அண்ணாந்து பார்த்தாள். அந்த நோட்டைப் பார்த்தாள். பிறகு தமயந்தியிடம், "அவரைக்காய் ரொம்ப அழகா இருக்கு ஆன்ட்டி" என்றாள். "அதான் எங்களுக்குக் கட்டாது."

பை ஓரத்தை விட்டுவிட்டு நடந்தாள். ஒன்று. இரண்டு. அவசரமே இல்லை. திரும்பியும் பார்க்கவில்லை. மூன்று.

"ஏ பாப்பா, எங்க போறே! வா வா, எம்பது குடு!"

நோயல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பையை மட்டும் இரண்டு கையாலும் அகலமாக விரித்துப் பிடித்தார்.