அண்ணா கீறின கோச்சி

எங்கள் வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் முப்பத்தொரு கீறல்கள் இருந்தன. இருபத்தெட்டுத்தான் என்று அக்கா இன்றைக்கும் தொலைபேசியில் வாதிடுவார். அவர் மேற்பலகையை மட்டும் எண்ணியவர். நான் நான்கு கால்களையும் குனிந்து பார்த்தவன். அப்போது எனக்கு எட்டு வயது.

அந்த எண்ணிக்கையில் சேராத ஒன்றும் அந்த மேசையில் இருந்தது. அப்பா இருக்கும் பக்கத்து ஓரத்தில், ஒரு சாண் நீளத்துக்கு, கவராயத்தின் கூரால் கீறிய ஒரு ரயில். ஓர் எஞ்சின், ஐந்து பெட்டிகள், மேலே மூன்று சுருள் புகை. எங்கள் ஒழுங்கையின் முடிவில் கடலோரமாக ஓடும் கோச்சியைப் பார்த்து அண்ணா கீறியது. அதற்காக அப்பா அவருக்கு அடிமட்டத்தால் இரண்டு அடி கொடுத்தார். அடுத்த மாதம் அண்ணாவுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பத்தாம் நாள் இல்லை. வயது பதினொன்று.

அதன்பிறகு அப்பா சாப்பிடும்போது தட்டைச் சற்று வலப்பக்கம் தள்ளி வைத்துக்கொள்வார். இடது கை ரயிலின் மேல் இருக்கும். ஏன் இப்படிக் கோணலாக இருந்து சாப்பிடுகிறார் என்று எனக்குள் நினைத்துக்கொள்வேனே தவிர, கேட்டதில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து அக்காவுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேர் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. மேசை கிடக்கும் கிடையைப் பார்த்து அம்மா, மரச்சாமான் மினுக்கும் பொலிஷ் பாஸ் ஒருவரை வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். அந்த பாஸுக்குத் தமிழ் தெரியாது. யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகி வந்த அம்மாவின் சிங்களமோ ஏழெட்டுச் சொற்களைத் தாண்டாது. ஒழுங்கையில் மாபிள் விளையாடியே சிங்களம் பழகியவன் நான். ஆகவே, சேலை வாங்க அக்காவோடு புறக்கோட்டைக்குப் புறப்பட்ட அம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பாஸிட்ட வடிவாச் சொல்லு. மேசையில கீறிக் கிடக்கிறது ஒண்டும் தெரியக்கூடாது."

எங்கள் பேச்சில் படம் வரைவதில்லை. படம் கீறுவோம். கரண்டி இழுபட்டு மேசை பழுதானாலும் கீறல்தான், பிள்ளை ரயில் போட்டாலும் கீறினதுதான். ரயிலை மட்டும் விட்டுவிடு என்று சொல்ல வேண்டுமென்று அம்மாவுக்குத் தோன்றியே இருக்காது. அதைத் தொடலாம் என்ற நினைப்பே அந்த வீட்டில் யாருக்கும் வந்திருக்க முடியாது. எனக்கு வந்தது. இதை ஒரு சாக்காக எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். நிம்மதி வந்ததில்லை.

பாஸ் கெட்டிக்காரர். ஆழமான கீறலுக்குள் நிறம் கலந்த மெழுகைக் கத்தியால் அடைத்தார். மேலோட்டமானதைக் கண்ணாடித் துண்டால் சுரண்டி, மணல் கடதாசி போட்டுத் தேய்த்தார். பிறகு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பஞ்சுத் துணியால் பூசிக்கொண்டே போனார். நான் விரல் வைத்துக் காட்டக் காட்ட ஒவ்வொன்றாக மறைந்தது. முப்பத்தொன்றும் முடிந்தபோது அவர் அப்பாவின் பக்கம் வந்து நின்றார்.

"மே பின்தூரயத் மல்லி?"

இந்தப் படமுமா தம்பி என்று கேட்டார். சிங்களத்தில் கீறலுக்கு ஒரு சொல், படத்துக்கு வேறொரு சொல். அவர் பிரித்துத்தான் கேட்டார். நான் அம்மா சொன்னதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"ஒவ், ஒக்கோம" என்றேன். ஓம், எல்லாம்.

அவர் இரண்டாம் முறையும் கேட்டார். என் சிங்களத்தில் அவருக்கு நம்பிக்கையில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. இன்னும் சத்தமாகச் சொன்னேன். அவர் கண்ணாடித் துண்டை எடுத்தார்.

அம்மா வந்ததும் நான்தான் மேசையைக் காட்டினேன். அவர் சேலைப் பொதியைக் கீழே வைத்தார். ஓரத்தைத் தடவினார். மறுபக்கம் போய் அங்கேயும் தடவிவிட்டுத் திரும்பி வந்தார்.

"கோச்சி எங்கயடா?"

"பாஸ் அழிச்சிட்டார். நீங்கள்தானே சொன்னனீங்கள், கீறினது ஒண்டும் தெரியக்கூடாதெண்டு."

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, போய்க் கால் கழுவிவிட்டு வந்து சாப்பிடு என்றார். முப்பத்திரண்டையும் ஒன்றுவிடாமல் காட்டிக் கொடுத்ததற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்கு மனத்தாங்கல்.

அப்பா வேலை முடிந்து கந்தோரிலிருந்து ஐந்து நாற்பதுக்கு வந்தார். மேசைக்கு வந்து, தேநீரை வலப்பக்கம் வைத்துக்கொண்டு இருந்தார். இடது கை வழக்கமான இடத்துக்குப் போய், அங்குமிங்கும் நகர்ந்து, நின்றது.

"ஆர் இதை அழிக்கச் சொன்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னார். "நான்தான் சொன்னனான்."

"நீரா?"

"ஓம். வாறவை கண்டா என்ன நினைப்பினம்."

அப்பா அம்மாவையே பார்த்தார். அப்படி அவர் யாரையும் பார்த்து நான் கண்டதில்லை. தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனார். எனக்கு எல்லாம் சரியாகவே பட்டது. சொன்னது அம்மாதானே. அம்மா உண்மையைத்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் மேசையின் மினுக்கத்தைப் புகழ்ந்தார்கள். அப்பா நின்றுகொண்டே பரிமாறினார். தனக்கு வயிறு சரியில்லை என்றார். பதினொரு நாட்கள் அவர் அம்மாவோடு கதைக்கவில்லை.

பத்தொன்பது வயதில், வேறெதையோ யோசித்துக்கொண்டு பஸ்ஸில் போகும்போது, அம்மா அன்று என்ன செய்தார் என்பது எனக்கு விளங்கியது. அப்பா அதன்பின் பதினொரு ஆண்டுகள் இருந்தார். அழிக்கச் சொன்னவன் நானென்று சொல்வதற்கு நாலாயிரம் நாட்களுக்குமேல் எனக்குக் கிடைத்தன. நாளைக்கு, நாளைக்கு என்றே போனது. அம்மா என்னிடம் ஒருநாளும் அதைக் கேட்கவில்லை. மகன் கீறியதை அழிப்பித்தவள் மனைவி என்று நம்பியபடியே அப்பா போனார்.

அப்பா அம்மாவோடு கதைக்காத அந்தப் பதினொரு நாட்களும் வீட்டில் எனக்கு ஓயாத வேலை. அம்மாவிடம் கேள், நீலச் சட்டை தோய்த்தாயிற்றா என்று அப்பா சொல்வார். அப்பாவிடம் சொல்லு, கொடியில் காய்கிறதென்று அம்மா சொல்வார். நான் கூடத்துக்கும் குசினிக்கும் ஓடுவேன். ஒருநாளில் பதினேழு தடவை ஓடியது இன்றும் நினைவிருக்கிறது. வீடு என்னால்தான் நடக்கிறது என்று பெருமையாக இருந்தது. பன்னிரண்டாம் நாள் காலை, குடை எங்கே என்று அப்பா அம்மாவிடம் நேரே கேட்டார். அம்மா நேரே பதில் சொன்னார். இனி நான் தேவையில்லை என்று குசினி வாசலில் நின்று அழுதேன்.