பொன்னுத்துரை பிள்ளை சீனத்தில் சாப்பிட்டது

ரங்கூனில் சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்த பொன்னுத்துரை பிள்ளை அருவருப்புக்கென்றே சம்பளம் வாங்கியவர். காலையில் தாமுவே மார்க்கெட்டில் ஙாப்பி மீன்விழுதுப் பானைகளை மோந்து பார்ப்பார். மத்தியானம் டீக்கடைக் கோப்பைகளுக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அந்த விரலைச் சீயக்காய் போட்டுத் தேய்ப்பார். சைவர் சமைக்காத இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த ஒரே சிநேகிதர், மொகல் தெருவில் நூல் வியாபாரம் செய்த காயல்பட்டினத்து மீரா முகைதீன் மரைக்காயர். காயல்காரர்கள் விருந்தென்றால் ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுவார்கள், சஹன் என்பார்கள். அந்தத் தட்டை நினைத்தாலே பிள்ளைக்குக் குமட்டும். மரைக்காயரும் அதை மனசில் வைத்து, தம் வீட்டு விசேஷங்களில் சைவச் சமையல்காரரை அமர்த்தி, பிள்ளைக்குத் தனி அறையில் இலை போடுவார். ஒன்றாகச் சாப்பிடாமலே இருபது வருஷம் வளர்ந்த சிநேகம் அது.

1923 கார்த்திகையில் மரைக்காயர் யுன்னான் பக்கம் நூலுக்குக் கிராக்கி எப்படி என்று பார்க்கக் கிளம்பினார். அப்படியே சீனத்தைக் குறுக்கே கடந்து, ஷாங்காயில் கப்பலேறித் திரும்புவதாக உத்தேசம். பிள்ளையும் ஆறு மாதம் லீவு போட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம், "ரங்கூன் அழுக்கு சலித்துவிட்டது" என்றார். இரண்டு தகர டின் நிறைய வறுத்த மாவும் கூடவே கிளம்பியது.

பாமோவரை ரயிலும் படகும். அப்புறம் கோவேறு கழுதைகள். மலைச் சத்திரங்களில் கீழே பன்றி, மேலே மனிதர், நடுவில் சந்துவிட்ட பலகை. கீரை கேட்டால் பன்றிக் கொழுப்பில் மிதந்து வந்தது. சோறு வடித்ததும் அதே சட்டியில்தான். பிள்ளை தினம் இரண்டு பிடி மாவைக் கரைத்துக் குடித்துவிட்டு, எச்சில் வழிந்த சுவருக்கு முதுகைக் காட்டிப் படுத்தார்.

டெங்யூ என்ற ஊரைத் தாண்டிய ஏழாம் நாள் கொள்ளைக்காரர்கள் மறித்தார்கள். துப்பாக்கியைக் காட்டிக் கம்பளி, குடை, நூல் மாதிரிகள் எல்லாவற்றையும் பறித்தார்கள். ஒருவன் டின்னைத் திறந்து மாவை ஒரு வாய் போட்டான். முகத்தைச் சுளித்தான். காறித் துப்பிவிட்டு இரண்டு டின்னையும் பள்ளத்தில் கவிழ்த்தான். தம் சாப்பாட்டைப் பார்த்து இன்னொருவன் அருவருப்பான் என்பது பிள்ளைக்கு அன்றுவரை தோன்றியதே இல்லை.

மூன்று நாள் பேரிக்காய் தின்றார். நாலாம் நாள் வந்தது சீன முஸ்லிம்கள் நடத்திய சத்திரம்.

"பிள்ளைவாள், இந்தச் சீமையிலே பன்றி படாத சட்டி இது ஒண்ணுதான்," என்றார் மரைக்காயர். "பர்மியம் தெரிஞ்ச கழுதைக்காரன்கிட்டே நீரு என் மச்சான்னு சொல்லிப்புட்டேன். உம்ம பேரு இனிமே தஸ்தகீர்."

"என்னைக் கேட்டீரா ஓய்?"

"கேட்டா நீரு செத்துப்போயிருவீரு."

நடுவில் ஒரே பெரிய கிண்ணம். ஆட்டுக்கறிச் சாற்றில் மாவுப்பட்டைகள். சுற்றி ஆறு பேர். வாய்க்குள் போன குச்சி மறுபடி கிண்ணத்துக்குள் போயிற்று. பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு முதல் வாய் சாப்பிட்டார். மூன்றாம் வாய்க்குக் கண்ணைத் திறந்தார், கறித்துண்டு எந்தப் பக்கம் கிடக்கிறதென்று பார்க்க. யாங்சி ஆற்றில் படகேறும்வரை அவர் தஸ்தகீராகவே போனார்.

ரங்கூன் திரும்பியதும் சைவ சபையில் சீனத்து அழுக்கைப் பற்றி மூன்று சொற்பொழிவு. கேட்டவர்களுக்குக் குமட்டியது, அபார வெற்றி. அங்கே என்ன சாப்பிட்டீர்கள் என்று சபைக் காரியதரிசி அப்பாசாமி கேட்டார். "வறுமாவும் தண்ணீரும்," என்றார் பிள்ளை, கண்ணை மூடி. இப்பேர்ப்பட்ட வைராக்கியசாலியை வருகிற ஞாயிற்றுக்கிழமை தலைவராக்குவதென்று சபை முடிவு செய்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மரைக்காயர் தாடியைத் தடவிக்கொண்டார்.

அதற்குள் மரைக்காயர் மகள் சைதாவுக்குக் கல்யாணம் வந்தது. வழக்கம்போலத் தனி அறை, சைவச் சமையல், பிள்ளைக்கு இலை. பக்கத்து இலையில் அப்பாசாமி.

பரிமாற வந்த மரைக்காயரின் காதில் பிள்ளை கேட்டார், "இலை எதுக்கு ஓய்?"

"ஞாயித்துக்கிழமை தலைவராகப் போறீரு. பேசாமச் சாப்பிடும்."

"நான் சாப்பிட்டதை உம்ம வீட்டுலகூடச் சொல்லலையா?"

"தஸ்தகீர் யாங்சிக் கரையிலேயே மவுத்தாயிட்டான், அங்கேயே அடக்கியாச்சுன்னு நான் நினைச்சிருக்கேன்," என்றார் மரைக்காயர். சிரிக்கவில்லை. அவியலை வைத்துவிட்டு நகர்ந்தார்.

கூடத்திலிருந்து கறி வாசனை வந்தது. அப்பாசாமி மூக்கைப் பொத்திக்கொண்டார். "கதவைச் சாத்தச் சொல்லட்டுமா? உங்களுக்குக் குமட்டுமே, பாவம்."

குமட்டத்தான் செய்தது. இத்தனை சுத்தமான இலையைப் பார்த்துப் பிள்ளைக்குக் குமட்டியது உத்தியோக வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. தொடாத இலையை மூடிவிட்டு எழுந்தார்.

"எங்கே போறீங்க?"

"சீனத்திலே சாப்பிட்ட இடத்துக்கு."

கூடத்தில் மூன்று பேர் மட்டும் உட்கார்ந்திருந்த ஒரு சஹன் முன்னால் போய்ச் சம்மணமிட்டார். ஞாயிற்றுக்கிழமை யார் தலைவராக மாட்டார் என்பது அப்பாசாமி செருப்பைத் தேடிய வேகத்திலேயே தெரிந்துவிட்டது. மரைக்காயர் ஒரு கிண்ணம் கறியைக் கொண்டுவந்து அந்தத் தட்டில் கொட்டினார்.

பிள்ளை எதிரில் இருந்தவரின் கட்டை விரலை உற்றுப் பார்த்தார்.

"என்ன நகம்யா இது? சட்டப்படி பார்த்தா இந்தத் தட்டுக்கே சீல் வைக்கணும்," என்றார் அருவருப்போடு. சொல்லிக்கொண்டே நல்ல எலும்பாகப் பார்த்துத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.